மூன்றாவது பாட்டின் பேஸ்

ஒரு பல் டாக்டர் அவளைப் பாராட்டப்போய்த்தான் விஷயம் வெளியே வந்தது.

அவள் வேலை பார்ப்பது பல் லேபில். டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் செதுக்கி, பீங்கான் பூசி, சூளையில் சுட்டு, யார் வாய்க்குள்ளோ போய் உட்காரும்படி திருப்பி அனுப்ப வேண்டும். பதினாறு வருடமாக இதைச் செய்கிறாள். பாட்டுக்கு அடியில் கனமான கீழ்ச்சுரம் போடும் பேஸ் கிடார் பிடித்தும் ஏறக்குறைய அவ்வளவு வருடம்தான். அண்ணனின் மியூசிக் பேண்டில் அவளுக்குப் பெயரே ‘பல்லு’.

அந்த வெள்ளிக்கிழமை காலை அச்சு கொடுக்க நேரில் வந்த டாக்டர், போகிற போக்கில் நின்றார்.

"உங்க ஆல்பம் வந்துருச்சு போல. வண்டியில கேட்டுட்டே வந்தேன். மூணாவது பாட்டு ஆரம்பத்துல மேலேருந்து சர்ருனு வழுக்கிட்டு இறங்குறீங்களே, அட்டகாசம்மா."

"தேங்க்ஸ் சார்," என்றது அவள் வாய்.

டாக்டர் படியிறங்கும்வரை சிரிப்பைக் கலையாமல் வைத்திருந்தாள். பிறகு கையில் இருந்த மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தாள். மூன்றாவது பாட்டின் ஆரம்பத்தில் அவள் வழுக்கவும் இல்லை, இறங்கவும் இல்லை. முதல் நாலு சுற்றுக்கு அவள் வாசிப்பதே இல்லை. சும்மா நின்றுவிட்டு ஐந்தாவது சுற்றில்தான் நுழைவாள். அப்படி நிற்பதற்காகவே ஒத்திகையில் அண்ணனோடு ஒரு வாரம் மல்லுக்கட்டியிருக்கிறாள்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். முதல் பத்து விநாடியிலேயே தெரிந்துவிட்டது. விரல் கம்பியைத் தொடும்போது வரும் அந்த ‘தொப்’ இல்லை. கம்பி கட்டையில் மோதும் சத்தம் இல்லை. மாவு பிசைந்த மாதிரி ஒரு வழவழப்பு. கிடார் எங்கே போனாலும் அதன் காலடியிலேயே போனது. கிடார் நின்றால் நின்றது. அவளோ இந்தப் பாட்டில் கிடாருக்கு எதிர்த்திசையில் நடப்பவள். அது மேலே ஏறும்போது கீழே வருவாள். இரண்டாவது சரணத்தில் ஓரிடத்தில் அண்ணன் இரண்டு கம்பியைச் சேர்த்து இழுக்க, பேஸ் ஒரு கணம் திக்கியது. எதைப் பிடிப்பது என்று தெரியாமல் ‘க்ளக்’கென்று தாவி, பிறகு சுதாரித்துக்கொண்டது.

மனுஷக் கை அப்படித் திக்காது. ஆக்டேவ் பெடல் திக்கும்.

அண்ணனிடம் அந்தப் பெடல் இருப்பது அவளுக்குத் தெரியும். உள்ளங்கை அகல நீலப் பெட்டி. ஆறு கம்பியை ஒன்றாக அடித்தாலும் அதில் ஆகக் கீழே இருக்கும் சுரத்தை மட்டும் பிடித்து இன்னும் ஒரு ஸ்தாயி கீழே தள்ளிக் கொடுக்கும். கிடார் வாசிப்பவன் காலால் ஒரு மிதி மிதித்தால் பக்கத்தில் பேஸ்காரன் நிற்கிற மாதிரி இருக்கும். வாங்கி வந்த அன்று, "இனிமே உனக்குக் காய்ச்சல் வந்தா லீவு போட்டுக்கலாம் பல்லு," என்று சொல்லிச் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

எட்டுப் பாட்டையும் கேட்டு முடித்தாள். எட்டிலும் அவள் இல்லை. வாசித்தவர்கள் பட்டியலைத் திறந்து பார்த்தாள். ‘பேஸ்’ என்ற சொல்லுக்கு நேரே அவள் பெயர், தலைப்பெழுத்தோடு, ஒரு புள்ளி பிசகாமல் இருந்தது.

*

அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, அடுத்தவர் ஓட்டும்போது தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை அழுத்துகிற தொழில். அவன் சுபாவத்துக்கு அளவெடுத்துத் தைத்த வேலை. ஸ்கூலுக்கு மேல் மாடியில்தான் ஒத்திகை அறை. அன்று சாயங்காலம் அவள் போனபோது கம்பளத்தில் மண்டியிட்டு, பெடல்களைப் பலகையில் இடம் மாற்றி ஒட்டிக்கொண்டிருந்தான். பதினொரு பெட்டி. ஒவ்வொன்றுக்கும் அவனிடம் ஒரு புகழுரை உண்டு. இந்த ஃபஸ் கம்பளிப் போர்வைக்குள் தேனீ அடைபட்ட மாதிரி. அந்த டிலே வெறும் எதிரொலி இல்லை, பழைய டேப்பில் சுற்றி வருகிற மாதிரி ஓரம் மங்கி வரும். கோரஸ் பெட்டியின் திருகைக் கடிகார முள் மாதிரி ஒன்பது மணிக்கு மேல் திருப்பினால் கல்யாண வீடியோ ஆகிவிடும். எந்தப் பெடல் முன்னால், எது பின்னால் என்பதில் அவனோடு வாதாடி ஜெயித்தவர் கிடையாது.

அண்ணி ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து பாட்டு வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேண்டில் பாடுவது அவள்தான்.

"எட்டுப் பாட்டுலயும் என்னை அழிச்சிருக்க," என்றாள் தங்கை, வாசலிலேயே நின்று.

அவன் நிமிரவில்லை. "உக்காரு. கத்தாத."

"நான் இன்னும் கத்தலை."

"உன் பேர் போட்டிருக்கேன்ல?"

"நான் வாசிக்காததுக்கு என் பேர் எதுக்கு?"

"அப்ப பேர் போடாம விட்டிருந்தா சந்தோஷப்பட்டிருப்பியா? அதுக்கும் இதே மூஞ்சியைத்தான் தூக்கிட்டு வந்திருப்ப."

அண்ணி தாளை மடித்தாள். "நான் அப்பவே சொன்னேன், அவகிட்ட ஒரு வார்த்தை..."

"நீ சும்மா இரு," என்றான் அவளிடம். பிறகு எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு தங்கையைப் பார்த்தான். "உண்மையைச் சொல்லட்டுமா? நீ லேட்டு. எப்பவும் லேட்டு. முடியளவு. மேடையில தெரியாது, ரெக்கார்டிங்ல பல்லு பல்லா தெரியுது. ரெண்டு ராத்திரி வெட்டி ஒட்டிப் பார்த்தேன், முடியல. பெடலைப் போட்டு ஒரே காலையில எட்டையும் முடிச்சேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம். மறுபடியும் வாசிச்சிருப்பேன்."

"சொன்னா ஒத்துக்குவியா நீ? அம்மாகிட்ட போய் நிப்ப. அவங்க எனக்கு போன் போட்டு, தங்கச்சியைக் கூட வெச்சுக்கோடானு ஆரம்பிப்பாங்க. பதினாறு வருஷமா உன்னை இடுப்புல தூக்கிட்டே அலையறேன் நான்."

முப்பத்தெட்டு வயசு அவளுக்கு. இந்த பேண்டின் முதல் ஒலிபெருக்கி ஆம்ப்பை வாங்கியது அவள் சம்பளத்தில். அதைச் சொல்ல வாயெடுத்து, சொன்னால் காசு கொடுத்து இடம் பிடித்தவள் என்றாகிவிடும் என்று தோன்ற, விழுங்கிக்கொண்டாள்.

"பேரை எடுத்துடு," என்றாள். "ஞாயித்துக்கிழமை ஷோவுக்கும் பெட்டியையே கூட்டிட்டுப் போ."

"போஸ்டர் அடிச்சாச்சு. உன் படம் இருக்கு. பேஸ் வாசிக்கிற பொம்பளைனு ஹால்காரங்க அதைத்தான் பெருசா போட்டிருக்காங்க."

சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது போலிருந்தது. ஆனாலும் திருத்திக்கொள்ளவில்லை. குனிந்து பெடலை ஒட்ட ஆரம்பித்தான்.

*

மறுநாள் மதியம் சவுண்டுக்காரரின் ஸ்டுடியோவுக்குப் போனாள். ஆல்பத்தைப் பதிவு செய்ததும் அவர், மேடையில் ஒலி பார்ப்பதும் அவர். பஸ் டிப்போ மெக்கானிக்கான டிரம்மரையும் சாப்பாட்டு இடைவேளையில் இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு பேருக்கும் அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

"நான் வாசிச்சது இருக்கா, அழிச்சுட்டீங்களா?"

"நான் எதையும் அழிக்கமாட்டேன்மா. ஓரமா வெச்சிருக்கேன்," என்று சவுண்டுக்காரர் திரையைத் திருப்பினார். மேலே டிரம்மின் கோடு, கீழே அவள் பேஸின் கோடு. மலைத்தொடர் மாதிரி இரண்டு வரிசை. முதல் பாட்டைப் பெரிதாக்கிக் காட்டினார்.

அவள் உண்மையிலேயே லேட்டாக இருந்தாள். முதல் பாட்டிலும் ஆறாவதிலும் டிரம்மின் மலை எழும்பிச் சற்றுத் தள்ளித்தான் அவள் மலை எழும்பியது. அதுவும் ஒரே சீராக இல்லை. ஓரிடத்தில் கொஞ்சம், ஓரிடத்தில் நிறைய. எப்போதும் லேட்டு என்று சொன்னவன் முழுப் பொய் சொல்லவில்லை.

"மூணாவது?" என்றாள்.

மூன்றாவது பாட்டில் கதை வேறு. டிரம்முக்குப் பின்னால்தான் வந்தாள், ஆனால் ஒவ்வொரு அடிக்கும் அதே இடைவெளி. முதலிலிருந்து கடைசிவரை ஒரு இழை மாறவில்லை. சவுண்டுக்காரர் அதைப் போட்டுக் காட்டினார். அறை கனத்தது. அவளுடைய இரண்டு பெடலும் அதில் வேலை செய்துகொண்டிருந்தன. ஒன்று கம்ப்ரெஸர். ஓங்கி விழும் அடியை அமுக்கும், மெதுவாக விழுவதைத் தூக்கிவிடும்; எந்தச் சுரமும் கூட்டத்தில் காணாமல் போகாது. இன்னொன்று மஞ்சள் நிற ஓவர்டிரைவ். கரகரப்பு கொடுக்கிற பெட்டிகளைப் பேஸில் போட்டால் அடிவயிற்றைத் தின்றுவிடும். மேலே சத்தம் இருக்கும், கீழே ஒன்றும் இருக்காது. இதில் மூன்றாவதாக ஒரு திருகு. கரகரப்போடு சுத்தமான ஒலியை எவ்வளவு கலப்பது என்று அதில் வைத்துக்கொள்ளலாம். ஏழெட்டுப் பெட்டி வாங்கி விற்ற பிறகு அகப்பட்டது அது. பாதிக்குச் சற்றுக் குறைவாக வைத்தால், அடியில் கனம் அப்படியே இருக்க, மேலே மட்டும் உப்புத்தாள் தேய்த்த மாதிரி ஒரு சொரசொரப்பு வரும். பீங்கான் பல்லில் பல நிறத்தை ஏற்றி ஏற்றிச் சுடுகிறவளுக்கு அந்தக் கலவை சட்டென்று பிடிபட்டிருந்தது.

"நீ இதுல பின்னாடி வர்றதாலதான் எனக்கு அடிக்க இடம் கிடைக்குது," என்றான் டிரம்மர், தரையைப் பார்த்து. "சாய்ஞ்சுக்கிற மாதிரி. பெடல் கூட அப்படி முடியல."

"பெடல் கூடன்னா? உனக்கு எப்பத் தெரியும்?"

அவன் வாட்சைப் பார்த்தான்.

"எப்பத் தெரியும்னு கேட்டேன்."

"ரெண்டு மாசம். உங்க குடும்ப விஷயம், நடுவுல நான் எதுக்குனு..."

"நல்லா இருப்பா நீ," என்றாள். வாழ்த்துகிற குரல் இல்லை அது. சவுண்டுக்காரர் பக்கம் திரும்பினாள். "நீங்க?"

"உங்க அண்ணன்தான்மா கூப்பிடறவர். நான் மிஷினைப் பார்க்கிறவன்."

*

அன்று சாயங்காலம் அண்ணி போன் செய்தாள்.

"அறுநூறு சீட் நிறைஞ்சிருச்சு. இந்த ஒரு தடவை வா. எனக்காக."

"உங்களுக்காகன்னு சொல்லாதீங்க அண்ணி. உங்களுக்கும் தெரிஞ்சுதான் இருந்துச்சு."

"இந்த ஒரு தடவை," என்றாள் அண்ணி மறுபடியும்.

"ஒரே ஒரு நிபந்தனை," என்றாள் அவள். "அந்த நீலப் பெட்டி மேடையில இருக்கக்கூடாது. நான் வாசிக்கிறதுதான் கேக்கணும். லேட்டோ சீக்கிரமோ, என்னுது."

அண்ணி போனைக் கையால் பொத்திக்கொண்டு பேசுவது மங்கலாகக் கேட்டது. திரும்பி வந்து, "சரின்னுட்டார்," என்றாள்.

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு ஹாலுக்குள் நுழைந்ததும் அவள் முதலில் எண்ணியது பெடல்களைத்தான். பலகையில் பத்து இருந்தன. நீலம் இருந்த இடத்தில் ஒட்டுத்துணியின் தடம் மட்டும். அண்ணன் அவளைப் பார்த்துத் தலையாட்டினான். அவளும் ஆட்டினாள். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் கம்பிகளைச் சுதி சேர்த்தார்கள்.

ஒலிச் சோதனையில் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. நீளமான கேபிளை மாட்டிக்கொண்டு வாசித்தபடியே மேடையிலிருந்து இறங்கி, நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நடந்து, ஹாலில் எப்படிக் கேட்கிறது என்று பார்ப்பாள். மேடையில் அவள் காலருகே இருக்கும் சின்ன ஆம்ப் அவளுக்கு மட்டும்தான். ஜனங்களுக்குக் கேட்பது பெரிய ஸ்பீக்கர்கள். அன்றும் இறங்கினாள். பத்தாவது வரிசையைத் தாண்டும்போது கால் தயங்கியது. கனமாக, நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததுதான் உறுத்தியது. உப்புத்தாள் சொரசொரப்பு எங்கே?

வேண்டுமென்றே ஒரு தப்பான சுரத்தை வாசித்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகூடத் திரும்பிப் பார்க்கும்படியான தப்பு.

ஸ்பீக்கரில் சரியான சுரம் வந்தது.

இன்னொன்று வாசித்தாள். இன்னும் அபத்தமாக. ஹாலில் பேஸ் எந்தக் கவலையும் இல்லாமல் கிடாரின் காலடியில் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் மேடையில் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தான்.

கேபிள் எட்டும் தூரம்வரை போய், பிறகு கேபிளைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, ஹாலின் பின்புறம் இருந்த ஒலிமேஜைக்கு நடந்தாள். சுவரோரமாகக் கறுப்பு டேப் ஒட்டி ஒரு வயர் மேடையிலிருந்து அங்கேவரை வந்திருந்தது. மேஜைக்கு அடியில் குனிந்தாள். நீலப் பெட்டி, விளக்கு எரிய, ஒரு துண்டின்மேல் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. அண்ணனின் கிடார் ஒலியைப் பலகையிலேயே இரண்டாகப் பிரித்து ஒன்றை இங்கே அனுப்பியிருந்தான்.

சவுண்டுக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. "மேடையில இருக்கக்கூடாதுனுதான் நீங்க சொன்னீங்களாம்மா. அதான் இங்க..."

"என் சேனல் எது?"

அவர் காட்டினார். அவள் பெயர் எழுதிய டேப்புக்கு மேலே இருந்த தள்ளுகட்டை அடிமட்டத்தில் கிடந்தது.

வயரைப் பிடுங்கி எறிந்திருக்கலாம். கை அதற்குத்தான் போனது. அறுபது அடி தூரத்தில், மேடையில், அண்ணி மைக்கில் ஒன்று, இரண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். டிரம்மர் ஸ்டூலின் உயரத்தைத் திருகிக்கொண்டிருந்தான். இப்போது கத்தினால் நான்கு பேருக்குக் கேட்கும். அண்ணன் ஒரு சமாதானம் சொல்வான், அண்ணி கெஞ்சுவாள், வேறெங்கோ வேறொரு மேஜைக்கு அடியில் பெட்டி போய் உட்கார்ந்துகொள்ளும்.

"அப்படியே இருக்கட்டும்," என்றாள்.

"அண்ணன்கிட்ட..."

"நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். நீங்களும் சொல்லாதீங்க. நீங்கதான் மிஷினைப் பார்க்கிறவராச்சே."

*

ஐந்து மணிக்கு ஹால் நிரம்பியது. முதல் பாட்டை ஒழுங்காக வாசித்தாள். இரண்டாவதையும் வாசித்தாள். காலருகே சின்ன ஆம்ப் அவளோடு பேசிக்கொண்டிருந்தது, அறுநூறு பேரோடு பெட்டி பேசிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் ஒருவர் அவள் விரலையே பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அந்த ஆள்மேல்கூட அவளுக்கு ஆத்திரம் வந்தது.

மூன்றாவது பாட்டு. அண்ணன் கிடாரின் கழுத்துப்பக்கம் மேலிருந்து சர்ரென்று வழுக்கி இறங்க, ஹாலின் தரை அதிர்ந்தது. கைதட்டினார்கள். டாக்டர் சொன்ன அதே இடம்.

முதல் சரணம் முடிந்து பல்லவி திரும்பும் நேரத்தில் அவள் இரண்டு கையையும் கிடாரிலிருந்து எடுத்தாள். எடுத்து, தோளுக்கு மேலே தூக்கி, விரலை விரித்துக் காட்டினாள்.

பேஸ் நிற்கவில்லை. கனமாக, வழவழப்பாக, தாளம் தப்பாமல் போய்க்கொண்டிருந்தது.

முன்வரிசை ஆள்தான் முதலில் தலையாட்டுவதை நிறுத்தினார். பிறகு அவருக்குப் பின்னால் ஒரு சிரிப்பு, அதற்குப் பின்னால் ஒரு விசில். யாரோ ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்தார். அண்ணன் கண்ணைத் திறந்து, கூட்டம் பார்க்கும் திசையில் திரும்பினான். அவள் கையை இறக்கவில்லை. நேராக அவனைப் பார்த்தாள்.

பெட்டி அவன் காலடியில் இருந்திருந்தால் ஒரு மிதியில் அணைத்திருப்பான். அது அறுபதடி தள்ளி மேஜைக்கு அடியில் இருந்தது. பேஸை நிறுத்த அவனுக்கு ஒரே வழிதான் இருந்தது. கம்பியைக் கையால் பொத்தினான். கிடாரும் போயிற்று, பேஸும் போயிற்று. அண்ணியின் குரலும் டிரம்மும் மட்டும் திடீரென்று வெட்டவெளியில் விடப்பட்ட மாதிரி நின்றன. அண்ணி ஒரு சொல்லை விழுங்கினாள். ஆனாலும் பாடுவதை விடவில்லை. சுருதி விலகியது.

சவுண்டுக்காரர் அந்த வெறுமையைத் தாங்கமுடியாமல் செய்தாரா, மனசாட்சி உறுத்திச் செய்தாரா, அவருக்கே பிறகு சொல்லத் தெரியவில்லை. அவள் தள்ளுகட்டையை மேலே தள்ளினார். அவளுடைய ஆம்பின் லேசான இரைச்சல் பெரிய ஸ்பீக்கரில் வந்து விழுந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

மஞ்சள் பெடலை மிதித்தாள். கம்பியை அடித்தாள்.

ஹாலின் மூலையில் இருந்த கண்ணாடி ஜன்னல்கள் கிடுகிடுத்தன. டிரம்மர் தலையை நிமிர்த்தினான். அடுத்த அடியிலேயே அவள் இடைவெளிக்குள் போய்ச் சாய்ந்துகொண்டான். அண்ணி சுருதியைப் பிடித்துக்கொண்டாள். இதுவரை நியாயம் தங்கையின் பக்கம் இருந்தது. இதற்குப் பிறகு செய்ததற்கு அவளால் எந்த நியாயமும் சொல்லமுடியாது.

அண்ணன் உள்ளே வரப் பார்த்தான். பல்லவியின் முடிவில் அவன் நுழைய வழக்கமாக ஒரு வாசல் விடுவாள். விடவில்லை. கரகரப்புத் திருகைக் குனிந்து இன்னும் ஏற்றி, கிடார் நிற்க வேண்டிய உயரத்துக்கு ஏறிப் போய் அங்கேயும் நின்றுகொண்டாள். அவன் ஃபஸ்ஸை மிதித்தான். தேனீ கம்பளிக்குள் எங்கோ முனகியது. டிலேயை மிதித்தான். அவள் கீழே இறங்கினாள், அவன் அங்கே வந்தான். மேலே ஏறினாள், அவன் தடுமாறினான். ஒரு இடுக்கு விடவில்லை. பாட்டின் கடைசி இரண்டு நிமிடம் அவன் கையைக் கம்பியின்மேல் சும்மா வைத்துக்கொண்டு நின்றான். அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்ததை அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே வாசித்தாள்.

பாட்டு முடிந்ததும் கூட்டம் எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. எதற்கு என்று பாதிப் பேருக்குத் தெரியாது. அவள் கேபிளைப் பிடுங்கிச் சுற்றிக்கொண்டு, இரண்டு பெடலையும் கக்கத்தில் இடுக்கியபடி மேடையைவிட்டு இறங்கிவிட்டாள். மிச்சம் ஐந்து பாட்டை அவர்கள் நீலப் பெட்டியை வைத்து வாசித்து முடித்தார்கள்.

அவள் அதுவரை பின்னறையில் உட்கார்ந்திருந்தாள். ஓடிப்போனாள் என்று அவன் சொல்லக்கூடாது.

"அறுநூறு பேர் முன்னாடி மானத்தை வாங்கிட்ட," என்றபடி வந்தான் அண்ணன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"நான் கையைத்தான் எடுத்தேன். மத்ததெல்லாம் உன் பெட்டி வாசிச்சது."

"கூடப் பிறந்தவளாடி நீ?"

"போஸ்டர்ல பார்த்துக்கோ. பேஸ் வாசிக்கிற பொம்பளைனு பெருசா போட்டிருக்காங்க."

அவன் கை ஓங்கினான். ஓங்கிய கை அந்தரத்தில் நின்று, பிறகு பக்கத்திலிருந்த கிடார் பெட்டியின் மூடியை அறைந்து சாத்தியது. "இனி என் கண்ணுல படாத."

அண்ணி அதுவரை சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். கண்மை கன்னம்வரை வழிந்திருந்தது. "அவர் உன்னை அழிச்சார். சரி. நீ என்னை நட்ட நடுவுல அம்போன்னு விட்ட. உங்க ரெண்டு பேர் சண்டையில ஒருத்தராவது என் மூஞ்சியைப் பார்த்தீங்களா?"

அண்ணனுக்குச் சொல்ல அவளிடம் இன்னும் பத்துப் பதில் இருந்தது. அண்ணிக்கு ஒன்றும் இல்லை. பெடல்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

*

யாரோ எடுத்த வீடியோ ஊர் சுற்றியது. கொஞ்சம் பேர் அண்ணனை ஏமாற்றுக்காரன் என்றார்கள். கொஞ்சம் பேர் அவளைத் திமிர் பிடித்தவள் என்றார்கள். மூன்றாவது ஒரு கூட்டம், இது முன்கூட்டியே திட்டமிட்ட வேடிக்கை, பிரமாதமாகச் செய்திருக்கிறார்கள் என்று இருவரையும் பாராட்டியது. அண்ணன் கெட்டிக்காரன், அந்த மூன்றாவது கூட்டத்தைப் பிடித்துக்கொண்டான். ஒரே கிடாரில் இரண்டையும் வாசிப்பவன் என்று போஸ்டர் அடித்து, பெட்டியைப் பலகையின் நடுவில் எல்லோரும் பார்க்க வைத்தான். முன்பைவிட அதிக மேடைகள் கிடைத்தன. இதைக் கேட்டு அவளுக்கு வயிறு எரிந்தது. எரியவில்லை என்று சொல்லிக்கொள்ள அவள் முயலவும் இல்லை.

பெயரை எடுக்கச் சொல்லி மூன்று முறை எழுதினாள். இரண்டு மாதம் கழித்து, "எடுத்தாச்சு," என்று ஒற்றைச் சொல் வந்தது. திறந்து பார்த்தாள். பேஸ் என்பதற்கு நேரே அவன் பெயர். அதுதான் உண்மை. அவள் கேட்டதும் அதைத்தான். ஆனாலும் அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிரம்மர் ஒருமுறை போன் செய்து, பெட்டியோடு அடிக்கச் சலிப்பாக இருக்கிறது என்றான். "ரெண்டு மாசம் வாயை மூடிட்டு இருந்தவனுக்கு இதையும் மூடிட்டு இருக்கத் தெரியும்," என்று வைத்துவிட்டாள். அம்மா இருவர் வீட்டுக்கும் தனித்தனியாகப் போய் வருகிறாள். போகிற இடத்தில் இன்னொருவர் பெயரை எடுப்பதில்லை. அண்ணிக்கு மட்டும் அவள் ஒரு நாள், "நான் செஞ்சது தப்பு, உங்க விஷயத்துல," என்று அனுப்பினாள். அண்ணி படித்தாள் என்பதற்கு அடையாளம் வந்தது. பதில் வரவில்லை.

வேலை முடிந்து வந்தால், சாப்பாட்டுக்கு முன் ஒரு மணி நேரம், டக் டக்கென்று தாளம் தட்டும் மெட்ரோனோமை வைத்துக்கொண்டு வாசித்தாள். பெடல் எதுவும் போடாமல், வெறும் கம்பியில், முதல் பாட்டையும் ஆறாவது பாட்டையும். பெடல் இருந்தால் கை செய்கிற தப்புக் கொஞ்சம் மறைந்துவிடும். திரையில் பார்த்த அந்த மலைகள் கண்ணைவிட்டுப் போகவில்லை. நாலாவது மாதம் ஓரளவுக்கு ஒழுங்காயிற்று.

வருடக் கடைசியில், ஹோட்டலில் வாசிக்கும் ஒரு மூவர் குழுவில் பேஸுக்கு ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டுப் போனாள். பியானோக்காரர்தான் தலைவர். ஐம்பதைத் தாண்டிய, உதட்டை எப்போதும் சுழித்தே வைத்திருக்கும் மனிதர். அவள் இரண்டு பெட்டியையும் தரையில் வைத்ததைப் பார்த்ததும், "இங்க அதெல்லாம் வேண்டாம். நேரா ஆம்ப்ல போடுங்க. சாப்பிட வர்றவங்களுக்குக் கரகரப்பு எதுக்கு?" என்றார்.

"முதல்ல கேளுங்க. பிறகு சொல்லுங்க."

"கேக்காமலே சொல்றேன். எனக்கு வேண்டாம்."

"அப்ப நானும் வேண்டாம்," என்று பெட்டிகளை எடுக்கக் குனிந்தாள். கோபத்தைக் காட்ட நினைக்கவில்லை. நேரத்தை வீணாக்க மனமில்லாமல்தான் குனிந்தாள்.

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். அந்த வீடியோவைப் பார்த்திருக்கிறார் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. "நீங்க சண்டைக்காரின்னு சொன்னாங்க," என்றார்.

"சரியாத்தான் சொல்லியிருக்காங்க."

பியானோக்காரர் உதட்டை இன்னும் கொஞ்சம் சுழித்தார். பிறகு அவள் பக்கம் பார்க்காமல் விசைப்பலகையின் பக்கம் திரும்பி, சுதியைச் சொல்லி, நாலுவரை எண்ணினார். அவள் கம்ப்ரெஸரைப் போட்டாள். ஓவர்டிரைவைப் பாதிக்குச் சற்றுக் குறைவாக வைத்துக்கொண்டு, அவர் எண்ணி முடித்த இடத்தில் நுழைந்தாள்.